வளைவில் நிற்க ஒரு ஆள்

1.

இந்தக் கதை கமராவுக்குள் போடும் ஒரு மெமரி காட்டிலிருந்து வந்தது. நேராக எழுதப் பார்த்தேன். ‘நான்’ என்று தொடங்கிய நான்கு வரிகளும் பாதியில் நின்றன. ஆகவே லக்ஷன் என்று ஒருவனை வைத்துக்கொண்டேன். முப்பத்தொரு வயது. மட்டக்களப்பில் அலுவலக வேலை. ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் படம் எடுப்பவன். மனைவி றொஷெல் இறந்து ஏழு மாதம்.

2.

முதல் தொடக்கம்: ‘புழுதிக்குள்ளிருந்து வண்டி சீறிப் பாய்ந்து’ — வேண்டாம். எல்லாப் பந்தயக் கதைகளிலும் அது பாய்கிறது.

இரண்டாவது: கரடியனாறு என்ற ஊரில் அறுவடை முடிந்த வயல்வட்டை. வயலைச் சுற்றி மண்பாதை போட்டிருந்தார்கள். லக்ஷன் மூன்றாவது வளைவில் நின்றான்.

இது இருக்கட்டும்.*

(* புழுதிப் பந்தயத்தில் கமராவைத் தானாக ஃபோகஸ் பண்ண விடக்கூடாது. புழுதியைப் பிடித்துக்கொண்டு வண்டியை விட்டுவிடும். வண்டி கடக்கப்போகும் இடத்தில் முன்கூட்டியே ஒரு ஆளை நிறுத்தி, கையால் ஃபோகஸ் வைத்து, ஒரு படம் எடுத்துப் பெருப்பித்துப் பார்க்கவேண்டும். கண்ணிமை தெளிவாக விழுந்தால் சரி. ஆள் விலகிவிடுவார். படத்தை அழித்துவிடலாம்.)

றொஷெல்தான் அந்த ஆள். நான்கு வருடம், எல்லா வளைவுகளிலும். வெயிலில் நின்றபடியே ஏசுவாள்.

“என்ட மூஞ்சில தெளிவு பாத்துப்போட்டு மறுகா தம்பிய எடுக்கிறீங்க. எனக்கெண்டு ஒரு படம் இருக்கா?”

தம்பி என்றது அவளுடைய தம்பி ட்றெவரை. வண்டி ஓட்டுகிறவன் அவன்தான். லக்ஷன் சிரித்துக்கொண்டே அழிப்பான்.

3.

[இங்கே அவளைப் பந்தயத்தில் சாகவிட எனக்கு ஆசை வந்தது. ஒரு வண்டி பாதையை விட்டு விலகி — கதைக்குப் பொருந்தும். நடந்தது டெங்குக் காய்ச்சல். ஐந்து நாள்.]

வீட்டில் அவள் படங்கள் இருக்கின்றன. கலியாணப் படங்கள், மற்றவர்கள் எடுத்தவை. அவன் எடுத்தது ஒன்றுகூட இல்லை. அது அவனுக்குத் தெரியவர ஏழு மாதம் ஆனது.

அவள் நின்ற கடைசிப் பந்தயத்தின் காட்டை, கமரா திருத்தும் றிஸ்வியிடம் கொண்டுபோனான். அழித்த படம் உடனே போய்விடாது, அதன் மேல் வேறு படம் விழும்வரை உள்ளேதான் கிடக்கும், கொழும்பில் மீட்கிற ஆள் இருக்கிறார், அடுத்த கிழமை அனுப்புவோம் என்றார் அவர். அதுவரை வைத்திருக்கச் சொல்லிக் காட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கையை விடவில்லை.

“இதுல இனி ஒரு படமும் எடுத்திராதீங்க தம்பி. ஒண்டு கூட.”

லக்ஷன் அதைப் பேர்சில் வைத்தான்.

4.

அக்கா போனபிறகு ட்றெவர் ஓடும் முதல் பந்தயம். (ஹெல்மெட்டில் அவள் பெயரை எழுதியிருந்தான் என்று எழுதி வெட்டினேன். பழைய ஹெல்மெட்தான், ஒரு பக்கம் கீறல்.) படம் எடுக்க வரச்சொல்லி இரண்டு தரம் வீட்டுக்கு வந்தான். லக்ஷன் மாட்டேன் என்றான். இரண்டு தரமும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேசாமல் போனான். அந்தப் பேசாமல் போனதுக்காகத்தான் லக்ஷன் வந்தான்.

தொடங்கப் பத்து நிமிடம் இருக்க, கமராவில் இருந்த காட் பிழை காட்டியது. கழற்றி ஊதினான். துடைத்துப் போட்டான். பிழை. வேறு காட் இருக்கிறதா என்று சுற்றி நின்றவர்களிடம் கேட்டான். எல்லோர் கையிலும் போன்தான்.

ட்றெவர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். போனில் எடுக்கட்டுமா என்று லக்ஷன் கேட்டான்.

“போனில எடுத்தா நான் ஓடினதும் தெரியாது, விழுந்ததும் தெரியாது.”

பேர்சில் இருப்பதைப் பற்றி அவனுக்குத் தெரியாது. வளைவைப் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை.

“ஆள் இல்லாமலா மச்சான் நிக்கிறீங்க? இருங்க, நான் போய் நிக்கிறன்.”

போய் நின்றான். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கி. அக்காவுக்கும் இருந்த அந்த வீட்டு முகம். லக்ஷன் வளையத்தைத் திருகினான். இமை தெளிந்தது. அழுத்தவில்லை. சரி என்று கையைக் காட்டினான்.

5.

முடிவு ஒன்று: அந்தக் காட்டைப் போட்டு எடுக்கிறான். சக்கரத்தில் தெறிக்கும் மண்கட்டி வரை தெளிவு.

முடிவு இரண்டு: காட் இல்லாமலே அழுத்துகிறான். சத்தம் கேட்கிறது. ட்றெவர் கட்டை விரலை உயர்த்திக்கொண்டு போகிறான். லக்ஷன் பின்னேரம் அவனுக்குச் சொல்லவேண்டிய பொய்யை

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். றொஷெல் இருந்தால் எதைச் சொல்லுவாள் என்பதும் எனக்குத் தெரியும். ஏசிக்கொண்டே, தம்பியை எடுக்கச் சொல்லுவாள். தெரிந்தும் எழுத வரவில்லை.

கொடி இன்னும் விழவில்லை. காட் என் உள்ளங்கையில் இருக்கிறது. இதைக் கதைத்துக்கொண்டிருந்ததில் கை பட்டு ஃபோகஸ் அசைந்துவிட்டது. ட்றெவர் தொடக்கக் கோட்டுக்குப் போய்விட்டான். நீங்கள் கொஞ்சம் போய் நில்லுங்கள், அந்தக் காய்ந்த வரம்புக்குப் பக்கத்தில். முகத்தை இந்தப் பக்கம் திருப்புங்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் விலகிவிடவேண்டும். அவள் ஒருநாளும் பிந்தியதில்லை.

காட்டை உள்ளே போட்டேனா இல்லையா என்பது அங்கிருந்து உங்களுக்குத் தெரியும்.