பாசஞ்சர் நிற்கட்டும்

எந்த ரயில் போகலாம், எது நிற்க வேண்டும் என்று திரையைப் பார்த்துச் சொல்லும் கன்ட்ரோலர் வேலை அவருக்கு. பதினோரு வருடமாகக் காலை பாசஞ்சரை நிறுத்தி வைப்பவர், அதில் பயணியாக ஏறியது அன்றுதான். அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

மூன்றாவது ஸ்டேஷனில் வண்டி ஒதுங்கி நின்றது. அரை மணி கழித்து எதிரிலிருந்து ஒரு நிலக்கரி கூட்ஸ் தடதடத்துப் போனது. அப்புறமும் வண்டி அசையவில்லை.

எதிர் சீட்டுப் பெண் மாமியாரின் வீங்கிய காலைத் தன் மடியில் தூக்கி வைத்திருந்தாள்.

"பத்து மணிக்கு டயாலிசிஸ், அண்ணே. லேட்டானா மிஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. எந்தப் புண்ணியவான் இதைப் புடிச்சு வைக்கிறானோ!"

"ஆமாம்மா, அநியாயம்."

"நீங்க என்ன பண்றீங்க?"

"சின்னதா ஒரு கடை."

என்ன கடை என்று அவள் கேட்பதற்குள் போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் அதை எப்போதும் ஸ்பீக்கரில்தான் வைத்திருப்பார். அவருடைய நாற்காலியில் அன்று உட்கார்ந்திருந்த ஜூனியர் பேசினான்.

"சார், எதிர்ல இன்னும் ரெண்டு கூட்ஸ். இருக்கறதோ ஒத்தை லைன். பாசஞ்சரை அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் விட்டுடவா? கூட்ஸ் இருபது நிமிஷம் நிக்கும், அவ்வளவுதான்."

"கூட்ஸ் நின்னா மேல விளக்கம் கேப்பாங்கப்பா. பாசஞ்சர் நிக்கட்டும். அதை யாரும் கேக்க மாட்டாங்க."

ஆபீசில் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"கடைன்னு சொன்னீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"விடும்மா," என்றார் மாமியார், கண்ணைத் திறக்காமலே. "அவருக்கும் மேல ஆளு இருப்பாங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவசரமாக ஜூனியரைத் திரும்ப அழைத்தார்.

"பாசஞ்சரை விட்டுடுப்பா."

"கூட்ஸுக்கு சிக்னல் குடுத்துட்டேனே, சார்."

வண்டி போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். இறங்கும்போது மாமியாரைத் தாங்கக் கை நீட்டினார். மருமகள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள். "நாங்க பார்த்துக்கறோம்."

அக்கா வீட்டு வாசலிலேயே மாமா சிரித்தார். "என்ன மச்சான், நீ போட்ட பூட்டுல நீயே மாட்டிக்கிட்டியா?"

வீடே சிரித்தது. முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. அக்கா வந்து கதவைத் தட்டினாள்.

"என்னடா ஆச்சு?"

"ஒரு அம்மாவுக்கு இன்னைக்கு மிஷின் கிடைக்காமப் போயிருக்கும்க்கா," என்றார் உள்ளேயிருந்தே. "நான்தான் காரணம்."