சேறு அள்ளிய ஒன்பது நாட்கள்

ஆறு வடிந்து ஒன்றரை மாதம் கழித்து, கரமனை ஆற்றங்கரை லைன் வீடுகளுக்கு ஷிஜா கணக்கெடுக்கப் போனாள். மொத்தம் இருபத்திரண்டு வீடுகள். எல்லோரும் தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து வாடகைக்கு இருப்பவர்கள். வெள்ளத்தில் யாருக்கு என்ன போனது என்பதை அந்தந்த ஊர்க்காரர்களையே சொல்லவைத்து அறிக்கையாக்கும் வேலையை ஒரு தொண்டு நிறுவனம் எடுத்திருந்தது. பக்கத்துத் தெருவில் இருந்ததாலும் தமிழ், மலையாளம் இரண்டும் பேசுவாள் என்பதாலும் ஷிஜாவைச் சேர்த்துக்கொண்டார்கள். கேள்விகள் எல்லாம் போனில் இருந்தன.

ஆறாவது வீடு செல்வமணியுடையது. சுவரில் தோள் உயரத்துக்குச் சேற்றின் கோடு காய்ந்திருந்தது. அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

“கட்டில் ஒண்ணு. பீரோ. மிக்சி. பிள்ளையோட புஸ்தகம் பூரா போச்சு.”

ஷிஜா ஒவ்வொன்றாகப் பதிந்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது செல்வமணி கேட்டாள், “எங்க வீட்டுக்காரர எதுல எழுதப் போற?”

அவள் கணவன் தங்கபாண்டி கொத்தனார். வெள்ளம் வந்த அன்று கழுத்தளவு தண்ணீரில் நின்று அடுத்த வீட்டுக் கிழவரைத் தூக்கி வந்தவர். தண்ணீர் வடிந்த பிறகு கட்டட வேலை எதுவும் நடக்கவில்லை. அக்கரைத் தெருக்களில் வீடு வீடாகச் சேறு அள்ளப் போனார். ஒன்பது நாள். காலில் ஒரு வெட்டுக்காயம் இருந்தது. பிறகு காய்ச்சல். வேலை செய்த அலுப்பு என்று படுத்துக்கொண்டார். கண் மஞ்சளான பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலிப்பனி, எலி மூத்திரம் கலந்த சேற்றிலிருந்து புண் வழியாக வரும் காய்ச்சல், என்றார்கள். இரண்டு நாளில் முடிந்துவிட்டது.

ஷிஜா இறந்த தேதியைப் பதிந்து பார்த்தாள். போன் ஏற்கவில்லை. வெள்ளம் நின்ற மூன்று நாட்களுக்குள் இறந்தவர்களை மட்டுமே அது எடுத்துக்கொண்டது.

“அக்கா, அண்ணன் போனது மூணு வாரம் கழிச்சுல்லா. இது எடுக்க மாட்டேங்குது.”

“வெள்ளம் வந்ததுனாலதான சேறு. சேறு அள்ளுனதுனாலதான காய்ச்சல். பெறவென்ன?”

ஷிஜா வெளியே வந்து மேற்பார்வையாளன் நவநீத்தை அழைத்தாள். அவன் மலையாளத்தில் பொறுமையாகவே சொன்னான். இறப்பு சர்டிபிகேட்டில் காய்ச்சல் என்றுதான் இருக்கும், அது சுகாதாரத் துறை விஷயம், நாம் அதைச் சேர்த்தால் மற்ற இருபத்தோரு வீட்டுக் கணக்கையும் சந்தேகப்படுவார்கள் என்றான்.

திரும்பி உள்ளே போனவளால் உட்கார முடியவில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது.

“அக்கா, வெள்ளம் வடிஞ்சப்ப நடந்த கேம்ப்ல, எலிப்பனி வராம இருக்க மாத்திரை குடுத்தது நான்தான். அண்ணன் அன்னைக்கு வேலைக்குப் போயிருந்தாங்க. சாயங்காலம் வந்து குடுக்கலாம்னு நெனச்சேன். லிஸ்ட முடிக்கணும்னு சொன்னாங்க. குடுத்ததா டிக் போட்டுட்டேன். பெறவு நான் வரவே இல்ல.”

செல்வமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் மகள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

“குடுத்திருந்தா பிழைச்சிருப்பாரா?”

“தெரியாதுக்கா. பிழைச்சிருக்கலாம்.”

செல்வமணி சொன்னாள். “அதையும் எழுது. போன்ல எடுக்கலன்னா பேப்பர்ல எழுது. உன் பேரப் போட்டு எழுது.”

ஷிஜா, செல்வமணியின் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வாங்கி எழுதினாள். ஒன்பது நாள் வேலை, கால் புண், மாத்திரை, தன் கையெழுத்து. வாசித்துக் காட்டியபோது செல்வமணி ஒரே ஓரிடத்தில் திருத்தினாள். கூலி என்று எழுதாதே, கொத்தனார் என்று எழுது என்றாள். அன்று மாலைக்குள் வரிசையில் இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கேயும் காய்ச்சலில் போனவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒவ்வொரு தாள் எழுதினாள்.

அடுத்த வாரம் கணக்கெடுத்தவர்கள் வாசகசாலையில் கூடியபோது நவநீத் மூன்று தாள்களையும் படித்தான்.

“மாத்திரை விஷயத்தை எடுத்துடு. உனக்குத்தான் கஷ்டம்,” என்றான் தெரிந்த தமிழில்.

“அது அப்படியே இருக்கட்டும்,” என்றாள் ஷிஜா.

அறிக்கை மார்கழியில் வந்தது. இடிந்த சுவர்களும் நனைந்த சாமான்களும் பிழையில்லாமல் இருந்தன. அந்தப் பகுதியில் உயிரிழப்பு இல்லை என்று இருந்தது. மூன்று தாள்களும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அடுத்த வார்டு கணக்கெடுப்புக்கு ஷிஜாவை யாரும் கூப்பிடவில்லை.

அவள் போய் அதைச் செல்வமணியிடம் சொன்னாள். செல்வமணி மகளோடு புளியங்குடிக்கு, தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. ஷிஜா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனாள். தென்காசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு செல்வமணி குனிந்து, “காய்ச்சல் கீச்சல் வந்தா சும்மா படுத்துக் கிடக்காத,” என்றாள்.

ஷிஜா தலையாட்டினாள். பஸ் கிளம்பியது.