தறிக்குழியில் பாடிய பெட்டி

அமாவாசையன்று பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடாது. மற்ற நாட்களில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம்தான், ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது. அதனால்தான் சுகாசினி அமாவாசையாகப் பார்த்து என்னைக் கிதாரோடு வரச்சொன்னாள். அவள் செய்த இரண்டு ஃபஸ் பெட்டிகளையும் மாற்றி மாற்றி வாசித்து, எது எப்படி என்று நான் சொல்ல வேண்டும்.

ஃபஸ் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிதாருக்கும், சத்தத்தைப் பெருக்குகிற ஆம்புக்கும் நடுவில் தரையில் கிடக்கிற, கைக்கடக்கமான ஒரு தகரப் பெட்டி. காலால் ஓர் அழுத்து அழுத்தினால் கிதாரின் சுத்தமான சத்தத்தைக் கரகரப்பாக்கி, நீட்டி, கொழுக்க வைக்கும். இன்னொரு அழுத்தில் அடங்கிவிடும். அறுபது வருஷத்துக்கு முந்தைய முறையில் செய்த பெட்டிகளுக்கு இன்றைக்கும் ஊர் ஊராகக் கிறுக்கர்கள் உண்டு. அதில் நானும் ஒருவன். செவிலிமேட்டில் கிதார் சொல்லித்தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் காது சுத்தம். இதை நானே சொல்லக்கூடாதுதான், வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே!

சுகாவும் நானும் ஏனாத்தூரில் ஒன்றாக எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள். நான் அரியர் வைத்தேன், அவள் வைக்கவில்லை. குமரனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த பிறகு, பகலில் புருஷனும் பெண்டாட்டியும் முறை வைத்துத் தறியில் உட்கார்கிறார்கள். விடிவதற்கு முன்னால், வீடு தூங்கும்போது, அவள் பின்கட்டில் சோல்டரிங் அயர்னை எடுத்துவிடுவாள்.

நீலப் பெட்டியில் இருந்தது சிலிக்கான் டிரான்சிஸ்டர், கடையில் கிடைப்பது. பழுப்புப் பெட்டியில் இருந்தது ஜெர்மானியம். பழைய ரேடியோ ஒன்றின் வயிற்றிலிருந்து அவள் எடுத்த ஜோடி. அந்தப் பெட்டியைத் தடவிக்கொண்டேதான் பேசினாள்.

"மார்கழியில இத முடிச்சேன் ஜெபா. அன்னைக்கு ஒரு சத்தம் வந்துது பாரு, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எங்கிட்ட இருக்கிற ஓட்டக் கிதார்ல ஒத்தக் கம்பிய மீட்டி, அந்த மாசம் பூரா தெனம் கேட்டேன். அப்புறம் சித்திரையில நம்மகூடப் படிச்ச கீர்த்தி வந்து வாசிச்சா, நல்லால்லன்னுட்டா. எனக்கே நல்லால்ல. இப்பல்லாம், அப்படி ஒரு சத்தம் வரவேயில்ல, நானாத்தான் நெனச்சுக்கினேனோன்னு இருக்குது. நீ முகத்துக்காகப் பேச மாட்ட. நீயும் நல்லால்லன்னா இத கழட்டிப் போட்டுட்டு, இந்த வேலையையே விட்டுர்றேன்பா."

"சும்மா ஒளறாத. வையி, கேப்போம்" என்றேன்.

தெருச்சத்தம் உள்ளே வரக்கூடாது என்று கதவைச் சாத்தினோம். ஃபேன் இரைச்சல் வேண்டாம் என்று அதையும் நிறுத்தினோம். வைகாசி வெயில். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தறிக்கு நேர்மேலே, நெய்கிறவருக்கு வெளிச்சம் வேண்டும் என்று கூரையில் கண்ணாடி ஓடு பதித்திருக்கிறார்கள். அதன் வழியே விழுந்த வெயில் தறியை ஒட்டித் தரையில் சதுரமாகக் கிடந்தது. சுகா இரண்டு பெட்டிகளையும் அந்தச் சதுரத்துக்குள் வரிசையாக வைத்து ஒயரை மாட்டினாள். நெசவு வீட்டில் நுணுக்கமான வேலை எதுவானாலும் அங்கேதான். அறுந்த இழையை முடிவதும் அங்கே, காலில் தைத்த முள்ளை எடுப்பதும் அங்கே. குமிழ்களில் அவள் போட்டிருந்த பொடிக்கோடுகள் தெரிய வேண்டாமா? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நீலப் பெட்டியை அழுத்தினேன். நல்ல சத்தம். கூர்மை, பலம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பழுப்பை அழுத்தினேன். நமுத்த பட்டாசு மாதிரி புஸ் புஸ்ஸென்று வந்தது. ஒரு ஸ்வரம் எழுந்திருக்கும், அடுத்த நொடியே கழுத்தை நெரித்தது போல் நிற்கும். எல்லாக் குமிழையும் திருகினேன், பேட்டரியை மாற்றினேன், கிதாரைத் திட்டினேன். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. எவ்வளவு நேரம் போராடினேன் என்று தெரியாது, கோபம் தலைக்கேறி அதை ஓங்கி மிதித்து அணைத்தேன்.

"சுகா, இது செத்துப்போச்சும்மா. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

அவள் பழுப்புப் பெட்டியை ஒயரோடு தூக்கிக்கொண்டு போய்த் தறிப்பலகையில் உட்கார்ந்தாள். மனசு சரியில்லாவிட்டால் அவள் உட்காருகிற இடம் அதுதான் போலிருக்கிறது. கால் இரண்டையும், தறிக்கு அடியில் மிதிகட்டைகள் இருக்கிற குழிக்குள் தொங்கப்போட்டு, பெட்டியையும் உள்ளே, மண்தரையில் கால்மாட்டில் வைத்துவிட்டாள். அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் திட்டத் தெரியும், தேற்றத் தெரியாது. அதனால் நீலப் பெட்டியைப் புகழ ஆரம்பித்தேன். புகழ்ந்து புகழ்ந்து, எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் அதில் வாசித்துத் தீர்த்தேன். அவள் தலை நிமிரவேயில்லை. கடைசியில் நீலத்தையும் அணைத்துவிட்டு, வெறும் கிதாரில் ஒற்றைக் கம்பியை மெதுவாக மீட்டிக்கொண்டு நின்றேன்.

குழிக்குள் கால் இருந்தால் நெசவுக்காரர்களுக்கு அது சும்மா இருக்காது. சுகாவின் வலதுகால் தன்பாட்டுக்கு மிதியைத் தேடி மிதித்தது. மிதிபட்டது மிதியல்ல, பெட்டி.

அப்போது அந்தச் சத்தம் எழுந்தது.

நான் மீட்டியது ஒரே ஒரு ஸ்வரம். அது அடங்கவேண்டிய நேரத்தில் அடங்காமல் மெல்ல விரிந்தது. கரகரப்புதான், ஆனால் உறுத்தவில்லை. நாயனக்காரர் மூச்சை அடக்கி ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்த நிறைவு. உள்ளே ஒரு நடுக்கம், அதற்கு அடியில் இன்னொரு ஸ்வரம், அதை நான் வாசிக்கவேயில்லை! விரலை லேசாக்கினால் குழைந்தது, அழுத்தினால் பொங்கியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருஷம் கிதாரைக் கையில் வைத்திருக்கிறேன், என் கையிலிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை. அடுத்த ஸ்வரத்துக்குப் போகவே பயமாக இருந்தது.

சுகா எழுந்திருக்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இதான்" என்றாள். "ஜெபா, இதான்!"

குனிந்து பெட்டியைத் தொட்டவள் கையை அப்படியே வைத்துக்கொண்டாள். "சில்லுனு இருக்குதுபா."

மறுபடியும் வெயில் சதுரத்தில் வைத்துப் பார்த்தோம். சூடு ஏற ஏறத் திக்கித் திணறி, பழையபடி புஸ்ஸென்று போனது. குழியின் ஈரமண்ணில் வைத்தோம். கொஞ்சம் பொறுத்ததும் பாடியது. ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது என்று இரண்டு பேரும் பரீட்சையிலேயே எழுதியிருக்கிறோம். வெளிச்சத்தில் வைத்தால்தான் வேலை சுத்தமாக இருக்கும் என்ற பழக்கம், அதை மறக்கடித்துவிட்டது.

"சரி, மார்கழிக் குளிர்ல பாடியிருக்குது. ஆனா அன்னைக்கும் இதே சத்தமா?" என்று சுகா முணுமுணுத்தாள். "இப்ப இது நல்லாருக்கறதால, அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சுன்னு எனக்குத் தோணுதோ என்னவோ. கேக்க வேற ஆள் இல்லயே."

நான் மறுபடியும் அந்த ஒற்றை ஸ்வரத்தையே வாசித்தேன்.

கதவு திறந்தது. குமரன், நெற்றி நிறைய விபூதி, கையில் கோயில் பிரசாதம். தறியைச் சுற்றி ஒயரும் பெட்டியும் கிடக்கிற அலங்கோலத்தைப் பார்த்து ஏதாவது சொல்வார் என்று நான் வாசிப்பதை நிறுத்தப்போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். வாசற்படியிலேயே நின்று, தலையைச் சாய்த்து, அந்த ஸ்வரம் கரைந்து முடியும்வரை கேட்டார்.

"இன்னா சுகா, நீயா அது?" என்றார்.

"எதுங்க?"

"மார்கழியில விடியகாலம் தெனம் இந்தச் சத்தம் வரும். படுத்துக்கினே கேப்பேன். மேளத்தக் காணோம், நாயனம் மட்டும் தனியா வருதேன்னு நெனப்பேன். தை பொறந்ததும் கோயில்லயே போயி கேட்டேன், யாருப்பா அது அவ்ளோ நல்லா வாசிச்சதுன்னு. அப்படி யாரும் வாசிக்கலியேன்னாங்க. சரி, நானாத்தான் நெனச்சுக்கினேன்னு விட்டுட்டேன்."

சுகா முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, தறிப்பலகையில் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். குமரன் பிரசாதத்தை என் கையில் திணித்துவிட்டுப் போய் அவளருகே உட்கார்ந்து, தன் காலையும் குழிக்குள் விட்டார்.

"எத மிதிக்கணும்மா?" என்று கேட்டார்.

"வலது பக்கம். மெதுவா" என்றாள்.