கண் திறக்கும் நேரம்

விழிப்பு வந்துவிட்டது, கண்ணைத் திறக்கத்தான் பயமாக இருந்தது. கௌசிகா மல்லாந்து படுத்தபடி, மூடிய இமைக்குள்ளேயே இடது கண்ணை மெல்ல உருட்டிப் பார்த்தாள். எங்காவது உறுத்துகிறதா? பாழாய்ப்போன கண், இன்று நல்ல நாள் என்றாவது அதற்குத் தெரிய வேண்டாமா. முன்னறையில் மாமியார் ராமாத்தாள் தட்டில் பழங்களை அடுக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விஷு, இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சித்திரைக் கனி. கேரள எல்லையில் உட்கார்ந்திருக்கும் எருத்தேன்பதியில் இரண்டுக்கும் ஒரே தட்டுத்தான்.

தை மாதம், மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த மகள் தமிழ்ப்ரியா விளையாட்டாகக் கையை வீசியதில் நகம் கருவிழியைக் கீறிவிட்டது. ஒரு வாரத்தில் ஆறியும் போனது. அதோடு போயிருந்தால் கதையே இல்லை. மாசியில் ஒரு விடியற்காலை கண்ணைத் திறந்தவள் மிளகாயை அரைத்து அப்பியதுபோல் அலறினாள். பிறகு அடிக்கடி அப்படித்தான். கோயமுத்தூர் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கருவிழியின் மேல் மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. அதைக் கீழே இறுகப் பிடித்து வைத்திருப்பவை சில புரதங்கள். கீறிய இடத்தில் தோல் வளர்ந்துவிட்டது, பிடிப்பு இன்னும் வரவில்லை. தூக்கத்தில் கண் காய்ந்து இமை அந்தத் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. வெடுக்கென்று திறந்தால் உரிந்து வந்துவிடும்.

“நட்ட தக்காளி நாத்து வேர் புடிக்காத மாதிரிங்களா?” என்று கேட்டான் கணவன் பூபதிராஜா.

அதேதான் என்றார் டாக்டர். மாதக்கணக்கில் ஆகும், படுக்கும்போது களிம்பு, காலையில் நிதானம், இன்னொரு கீறல் மட்டும் படவே கூடாது. புரதம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட ராமாத்தாள், மறுநாளிலிருந்து மருமகளுக்கு முட்டையாக அவித்துப் போட்டாள். அந்தப் புரதம் வேறு என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

இன்னொரு கீறல் என்ற பேச்சுதான் வீட்டைப் பிடித்து ஆட்டியது. பால் மறக்கடித்தார்கள். குழந்தையின் படுக்கை அப்பாவிடம் போனது. சின்னக் கை முகத்தருகே வந்தாலே கௌசிகா தலையைத் திருப்பிக்கொண்டாள். அம்மா கண்ணைத் தொடாதே என்று ஆளாளுக்கு அதட்டினார்கள். கடைசியில் பிள்ளை, அம்மாவிடம் வரும்போதே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வரப் பழகிவிட்டது. முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். கௌசிகாவால் சிரிக்க முடியவில்லை. கண் சரியாகட்டும், பிறகு ஆசை தீரக் கொஞ்சிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினாள். அதற்குள் மகள் தன்னை வேண்டாமென்று விட்டுவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு தூங்கவும் விடவில்லை.

விடிந்ததும் முதலில் கண்ணில் படவேண்டியது கனித் தட்டு என்பதால், அந்த வீட்டில் கனி பார்த்தவர் அடுத்தவரின் கண்ணைப் பொத்திக் கூட்டிவர வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூபதிராஜா கட்டிலருகே வந்து நிற்பது தெரிந்தது. அம்மா கண்ணைப் பொத்து என்று மகளிடம் சொன்னான். எந்த அசைவும் இல்லை.

“கைய மறுக்காவும் பின்னால கட்டிக்கிட்டா,” என்றான். குரல் இறங்கியிருந்தது. “உடு கௌசி, நானே பொத்தறேன்.”

கௌசிகா கண்ணைத் திறக்காமலே எழுந்து உட்கார்ந்தாள்.

“வேண்டாங்க. அவளே பொத்தட்டும்.”

தடவிப் பார்த்துக் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் இறுகியிருந்த கையைத் தேடிப் பிடித்து, விரல் விரலாகப் பிரித்துத் தன் இடது கண்மேல் வைத்தாள். கை வியர்த்திருந்தது. அது உருவிக்கொள்ளப் பார்த்தது, பிறகு அப்படியே நின்றது. பூபதிராஜா தோளைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போனான்.

“வந்தாச்சு, தெறந்து பாரு அம்மிணி,” என்றாள் ராமாத்தாள்.

கௌசிகா அவசரப்படவில்லை. இமைக்குள் கண்ணை இப்படியும் அப்படியும் உருட்டினாள். கண்ணீர் ஊறி, கசிந்து, உள்ளங்கையை நனைத்தது.

“தண்ணி,” என்றது குழந்தை. கையை எடுக்கவில்லை.

ஈரத்தில் இமை இளகியதும் மெல்லத் திறந்தாள். குத்துவிளக்கின் வெளிச்சம் சின்ன விரல்களுக்கிடையே சிவப்பாகத் தெரிந்தது. ஒரு நகத்தின் நுனி இமையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கௌசிகா முகத்தைத் திருப்பவில்லை.