சத்தியம் கேட்கப்படாதவன்

செவ்வாய்க்கிழமை காலை மருந்து அறைப் பக்கம் இருந்தவர்கள்:
சங்கையா, மருந்து கலக்குகிறவர்.
பெத்தணன், அறைச் சாவி அவனிடம்.
ராக்காயி, தரையில் தண்ணீர் தெளிப்பவள்.
காளிராஜ், போர்மன்.
சிந்தா மதார். நான்தான்.

போர்மன் எழுதிய பட்டியல் இது. அறுபத்தொன்றாம் வருஷம், ஆனி மாதம், சிவகாசிக்குக் கிழக்கே ஒரு பட்டாசுக் கம்பெனி. மருந்து அறை வெடித்ததில் சங்கையா செத்துப்போனார். சாம்பலைக் கிளறியபோது ஒரு திருப்புளி கிடைத்தது. அந்த அறைக்குள் இரும்பு போகக் கூடாது. கரண்டிகூட மரத்தில்தான் வைத்திருந்தோம். இரும்பு உரசினால் பொறி வரும்.

அந்தத் திருப்புளி என்னுடையது. அதற்கு முன்னால் அச்சகத்தில் ராத்திரி ஷிப்டு பார்த்தேன். அந்த வேலையைப் பாதியில் விட்டபோது பையோடு வந்த சாமான் அது. அன்று காலை ஒரு டின்னின் மூடி திறக்க மறுத்தது. பெத்தணன் அறையைத் திறந்துவிட்டு வெற்றிலை வாங்கப் போயிருந்தான். திருப்புளியால் நெம்பித் திறந்தேன். அறை ஜன்னலில் வைத்தேன். மறந்துவிட்டேன். அடுத்த டின்னைச் சங்கையா அதை வைத்து நெம்பியிருக்க வேண்டும். நான் எடுத்ததையோ வைத்ததையோ யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆனைக்குட்டத்திலிருந்து சங்கையாவின் ஆட்கள் கம்புகளோடு வந்தார்கள். மீதி நாலு பேரும் கருப்பசாமி கோயிலில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். போர்மன் அணைத்தார். ராக்காயி அழுதுகொண்டே அணைத்தாள். பெத்தணன் கை நீட்டுமுன் காற்றில் கற்பூரம் தானாக அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள். மறுபடியும் அணைந்தது. ஆனிக் காற்று அப்படித்தான் அடிக்கும். ஆனால் சாமியே காட்டிக் கொடுத்துவிட்டது என்று கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பெத்தணன் என்னைப் பார்த்தான்.

அடுத்தது நான். பொய்ச் சத்தியம் செய்வதாக முடிவு செய்திருந்தேன். இந்தச் சாமி எனக்குச் சாமி இல்லை, அதனால் இது சத்தியமே இல்லை என்று சமாதானமும் தயாராக இருந்தது. கை நீட்டினேன். சங்கையாவின் தம்பி சோலைச்சாமி தடுத்தார்.

"நீங்க வேண்டாம் மாமா. ஒங்க சாமி வேற. ஒங்கள இங்கன சத்தியம் பண்ணச் சொன்னா எங்களுக்குத்தான் பாவம்."

மரியாதையாகத்தான் சொன்னார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

பெத்தணனை அங்கேயே அடித்தார்கள். போலீஸ் வந்து இழுத்துப் போனதால் உயிர் தப்பினான். நான் அடிகளை எண்ணாமல் தரையைப் பார்த்து நின்றேன்.

அங்கிருந்து நேரே பள்ளிவாசலுக்குப் போனேன். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் தலை வைக்காதவன். மஃரிபு தொழுகைக்கு ஜமாஅத் நின்றது. கடைசி வரிசையில் சேர்ந்தேன். முடிவில் வலப்பக்கம் திரும்பி சலாம் சொன்னேன். பிறகு இடப்பக்கம் திரும்ப வேண்டும். நல்லதை எழுதும் வானவர், அந்த மலக்கு, வலத்தோளில், கெட்டதை எழுதுகிறவர் இடத்தோளில் என்று வாப்பா சொல்வார். பென்சில் தேய்ந்தால் அவருக்கு யார் சீவிக் கொடுப்பார்கள் என்று கேட்டு அறை வாங்கியவன் நான். அன்றைக்கு என் கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகும் வியர்வை வழிய அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வானத்தைப் பார், கடலைப் பார், படைத்தவன் தெரிவான் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் பயான் செய்வார். அதெல்லாம் எனக்குத் தெரியாது. யாரும் பார்க்காத ஒரு காரியம். சத்தியம்கூட யாரும் கேட்கவில்லை. தப்பித்தாகிவிட்டது. பிறகு யாருக்குப் பயந்து என் கழுத்து திரும்பவில்லை? நான் நம்புவதற்கு இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

அன்று ராத்திரியே ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு நான் சொன்னதை இரண்டு தரம் கேட்டார்.

"ஏலே, ஒன்னைய ஒருத்தரும் கை காட்டலையே. சாட்சி யாரு?"

"பாத்தவன் ஒருத்தன் இருக்கான், ஏட்டய்யா."

அவர் போர்மன் கொடுத்த பட்டியலை எடுத்து விரலால் தடவினார். "இதுல யாருலே?"

"அதுல இல்ல."

திருப்புளியின் பிடியில் என்ன அடையாளம் என்று கேட்டார். மூன்று கோடு கீறி அச்சக மை தேய்த்திருந்தேன், மை கரிந்தாலும் கீறல் தெரியும் என்றேன். எடுத்துப் பார்த்தார். அதன் பிறகு சாட்சியைப் பற்றிக் கேட்கவில்லை.

பெத்தணனை வெளியே விட்டார்கள். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. என்னைத் தாண்டும்போது நின்றான்.

"கற்பூரம் அணஞ்சப்பவே வாயத் தொறந்திருக்கலாம்லா, மச்சான்."

வெளியே சோலைச்சாமியின் ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. நானாகவே லாக்கப்புக்குள் போனேன். ஏட்டு கம்பிக் கதவைச் சாத்தி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டார்.