லங்கிமைனா வீட்டுப் பந்தி

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் லங்கிமைனா தன் வீட்டிலேயே திருவிருந்து வைத்துக்கொள்வாள். ஊர்க் கோயிலில் இனி அவளுக்கு அப்பமும் இல்லை, கிண்ணமும் இல்லை என்று மூப்பர்கள் தீர்த்துவிட்டதிலிருந்து அப்படித்தான். வெள்ளைத் துணி விரித்த ஒரு மரப்பெட்டி, சுடுகல் அடுப்பிலிருந்து எடுத்த சேப்பங்கிழங்கில் ஒரு துண்டு, ஒரு கோப்பை இளநீர். போதுமே, ஆண்டவர் என்ன பெரிய சாப்பாட்டுக்காரரா?

ஆனால் ஜெபம் மட்டும் சாதாரண ஜெபமில்லை, என் கண்ணுகளா. அவள் இருந்த தென்கடல் தீவில் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூண்களும் கூரையும்தான். சாலையில் போகிறவர்கள் காதில் விழட்டும் என்றே அவள் உரக்கச் சொல்வாள்.

"ஆண்டவரே, உம்முடைய உடம்பை நான் சாப்பிடுறேன். தப்பு எம்மேல இருந்தா இது என் தொண்டையில அடைக்கட்டும். எசேத்தா மேல இருந்தா, அவ அங்க கோயில்ல விழுங்குறது அவ தொண்டையில அடைக்கட்டும். ஆமென்."

அடுப்படியில் சிகரெட்டோடு உட்கார்ந்திருக்கும் நாத்தனார் லூப்பேவுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. கோயில் கல்யாணத்துக்குக் காத்திராமல் ஒருத்தனோடு குடித்தனம் நடத்தியதால் அவளைத் திருவிருந்துக்கு யாரும் கூப்பிட்டதே இல்லை.

"அண்ணி, இது ஜெபமா, வழக்கா?"

"ரெண்டும்தான். நீ கிழங்கப் பாரு, கருகுது."

நடந்தது இதுதான். புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது, வேய வந்த தச்சன் மழைக்காக ஒரு ராத்திரி அவள் வீட்டில் ஒதுங்கினான். லங்கிமைனாவும் லூப்பேவும் ஒரு மூலையில், அவன் மறுமூலையில். அவ்வளவுதான். மூப்பர் பெனியாமினாவின் மனைவி எசேத்தா, பெண்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, விதவை லங்கிமைனாவும் தச்சனும் ஒரே போர்வைக்குள் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றாள். அன்றுவரை சங்கத் தலைவி லங்கிமைனா. அதன்பிறகு எசேத்தா. லூப்பே சாட்சி சொல்லப் போனாள். உன் பேச்சை யார் கேட்பது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டு ஜெபம் ஊரெல்லாம் பரவியது. கோயிலில் எசேத்தா அப்பத்தை வாயில் வைத்தாளோ இல்லையோ, வரிசை முழுக்கத் திரும்பி அவள் கழுத்தையே பார்க்கும். பார்க்கப் பார்க்க அவளுக்கு வாய் உலரும், இருமல் வரும். ஒருமுறை உண்மையிலேயே அடைத்துக்கொண்டு, முதுகில் குத்தித்தான் வெளியே எடுத்தார்கள்.

அடுத்த முதல் ஞாயிறு. விடிந்தும் விடியாததுமாக லூப்பே ஓடிவந்து அண்ணியை உலுக்கினாள்.

"அண்ணி, எந்திரிங்க! நம்ம வாசல்ல பாய் உட்கார்ந்திருக்கு!"

பெரிய குற்றம் செய்தவர்கள் குடும்பத்தின் உயர்ந்த பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, குற்றத்துக்கு ஆளானவர் வீட்டு முன் உட்காருவது அங்கே முறை. வீட்டுக்காரர் பாயை விலக்கினால் மன்னித்தாயிற்று. விலக்கும்வரை போர்த்தியவர் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் குற்றத்தைவிட அது பெரிய அவமானம். குடும்பத்து ஆண்களெல்லாம் கூட வந்து உட்காருவார்கள். இங்கேயோ ஒரே ஒரு பாய், அதன் கீழே இரண்டு பருத்த முழங்கால்கள்.

"யாரது?" என்றாள் லங்கிமைனா, தெரியாதவள்போல.

"நாந்தான், எசேத்தா. நான் சொன்னது பொய். மன்னிச்சிரு. பாயச் சீக்கிரம் எடு, மணி அடிக்கப்போறாங்க."

"அவசரமா? எங்கயாவது போகணுமா?"

"யாராச்சும் பாத்துருவாங்க லங்கி! வயித்துவலின்னு அவருகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அப்படியா! நீ என்னைப் பத்திப் பேசினியே, அது ஆளில்லாத இடத்துலயா?"

பாய் இன்னும் தாழக் குனிந்தது. லங்கிமைனா உள்ளே போய்விட்டாள்.

மணி அடித்தது. வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக ஊர் கடற்கரைப் பாதையில் கோயிலுக்குப் போனது. திரும்பி வரும்போது மட்டும்தான் லங்கிமைனா வீட்டுச் சாலை. லங்கிமைனா துணி விரித்து, கிழங்குத் துண்டை வைத்து, கண்ணை மூடினாள். ஜெபம் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒருத்தி வாசலில் கிடக்க, இந்தத் துண்டை எப்படி வாயில் வைப்பது? எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"உட்கார்ந்த இடத்துலருந்தே என் பந்தியைக் கெடுத்துட்டாளே பாவி!"

"பாயை எடுத்துருங்களேன் அண்ணி. வெயில் ஏறுது, ஆள் மயங்கிருவா."

"தண்ணி குடு. பாய்க்கு அடியிலயே குடு."

"அப்ப சாப்பிடாமயே இருப்பீங்களா?"

"இருப்பேன்."

பசித்தது அவளுக்கு. வயிற்றுப் பசி இல்லை அது. அந்த ஒரு துண்டுதான் அவளை மாதம் முழுக்கத் தாங்கி நிறுத்தியது. அதையும் தள்ளிவைத்துவிட்டு, சாலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பாட்டு முடிந்தது. வெள்ளைக் கூட்டம் சாலையில் திரும்பியது, பேச்சும் சிரிப்புமாக வந்தது, சட்டென்று நின்றது. மூப்பர் பெனியாமினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அது எங்கம்மா பாயாச்சே! யாரு உள்ள? எசேத்தா? எந்திரிடி!"

அவர் கை நீண்டது. லூப்பே குறுக்கே புகுந்தாள்.

"மூப்பரே, அது உங்க கை எடுக்கிற பாய் இல்ல."

கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள். லங்கிமைனா மெதுவாக இறங்கி வந்தாள்.

"எசேத்தா, காலைல சொன்னியே, அத இப்பச் சொல்லு. சங்கக் கூட்டத்துல எப்படிச் சத்தமாச் சொன்னியோ, அப்படி."

பாய்க்குள்ளிருந்து முனகல் வந்தது.

"கேக்கல. பின்னால நிக்கிறவங்களுக்கும் காது இருக்கு."

"பொய்! நான் சொன்னது பொய்! நான் எதையும் பாக்கல. தலைவி பதவிக்காகச் சொன்னேன்!"

பெனியாமினா தரையைப் பார்த்தார். லங்கிமைனா பாயை விலக்கினாள். வியர்வையில் ஊறிய முகம், சிவந்த கண். இரக்கம் வருமென்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை.

கூட்டத்தோடு வந்திருந்த போதகர் முன்னால் வந்தார். "லங்கிமைனா, அடுத்த மாசம் நீ பழையபடி கோயில் பந்திக்கு வந்துரும்மா."

"அடுத்த மாசத்த அடுத்த மாசம் பாத்துக்கலாம் ஐயா. இந்த மாசத்துப் பந்தியே எனக்கு இன்னும் முடியல."

உள்ளே போய்க் கிழங்குத் துண்டை எடுத்து வந்து இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியை எசேத்தாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"சாப்பிடு."

எசேத்தா தலையைப் பின்னுக்கு இழுத்தாள். "வேணாம் லங்கி. நீ ஜெபம் பண்ணினது..."

"பண்ணினதுதான். நீ இப்பச் சொன்னது நிஜம்னா விழுங்கு."

ஊரே அந்தக் கழுத்தைப் பார்த்தது. எசேத்தா கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்றாள், விழுங்கினாள். இறங்கிவிட்டது. ஓர் இருமல்கூட இல்லை. லங்கிமைனாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அதை உங்களிடம் மறைப்பானேன்?

பெனியாமினா மனைவியைக் கைகொடுத்து எழுப்பிவிட்டு, பாயை எடுக்கக் குனிந்தார்.

"அது இருக்கட்டும் மூப்பரே," என்றாள் லங்கிமைனா. "வாசலுக்கு வந்த பாய் வீட்டுக்குத்தான். முறை உங்களுக்குத் தெரியாததா?"

பட்டுபோல மெல்லிய பாய் அது. கல்யாணத்திலும் சாவிலும் விரித்துக் காட்டி மறுபடி மடித்து வைப்பார்களே தவிர, யாரும் அதன்மேல் உட்கார மாட்டார்கள். லங்கிமைனா அதை உள்ளே கொண்டுபோய் மரப்பெட்டியின் முன்னால் விரித்தாள். சுவரில்லாத வீடு, எல்லோருக்கும் தெரிந்தது. அதன் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீதிப் பாதியை நிதானமாகச் சாப்பிட்டாள்.