இருபத்து நான்காவது இடம்

பின்லாந்தின் டுர்க்கு நகரப் பனியரங்கின் உடைமாற்றும் அறையில், வலிக்கும் இடது காலை ஐஸ் வாளிக்குள் விட்டுக்கொண்டு, எப்போது தோற்போம் என்று காத்திருந்தாள் பிஹ்லா. வெளியே சொல்லக்கூடிய ஆசையா அது?

ஐரோப்பிய ஸ்கேட்டிங் போட்டிக்கு அவள் வருவது இது ஒன்பதாவது வருடம். இன்றைய முதல் சுற்றான குறு நடனத்தில் முப்பத்தாறு பேர். அதில் முதல் இருபத்து நான்கு பேருக்குத்தான் சனிக்கிழமை நெடு நடனம், மற்றவர்கள் மூட்டை கட்டலாம். பிஹ்லாவுக்கு மூட்டைதான் கட்ட வேண்டும். இருபத்தேழு வயதில் செருப்பு மாட்டவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை முதல் பல் மருத்துவமனையில் முழுநேர வேலை. இன்னும் நான்கு நிமிட ஆட்டம், ஏழு தாவல்களை அந்தக் கால் தாங்காது.

தானே விலகிவிடலாம்தான். ஆனால் பின்லாந்துக் கொடியோடு ஊரே வந்து உட்கார்ந்திருக்கும்போது யார் போய்ச் சொல்வது? ஆடித் தோற்றால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆகவே யாராவது தன்னைக் கீழே தள்ளட்டும் என்று காலையில் ஆடி முடித்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள்.

பக்கத்தில் பயிற்சியாளர் ரைலி, கையில் ஆறிப்போன காப்பி, கண் சுவரிலிருந்த டிவியில். இருபது வருடமாக இவளோடு மாரடித்தவள். ஒவ்வொருத்தியும் ஆடி முடித்ததும் பிஹ்லாவின் இடம் ஒரு படி இறங்க, ரைலியின் முகமும் கூடவே இறங்கியது. இருபத்திரண்டு. இருபத்து மூன்று. இருபத்து நான்கு. பாக்கி ஒருத்திதான். பெல்ஜியத்து லோட்டே, பதினேழு வயது, பதக்கம் அவளுக்குத்தான் என்று எல்லோரும் எழுதிவைத்த பெண்.

"அவ்ளோதாம்மா போல," என்றாள் ரைலி.

பிஹ்லா காலை வெளியே எடுத்துத் துடைத்தாள். ஸ்கேட்டுகளைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அன்றைக்கு முதல் தடவையாகப் பசித்தது. ரை தானிய ரொட்டியைப் பிரித்து ஒரு கடி கடித்தாள்.

லோட்டே முதல் தாவலில் விழுந்தாள். இரண்டாவதில் காற்றிலேயே உடம்பு விரிந்துபோய், மூன்று சுற்று ஒரு சுற்றாகச் சுருங்கியது. மூன்றாவதிலும் விழுந்தாள். பிஹ்லா ரொட்டியைக் கீழே வைத்தாள். எழுந்திரு, எழுந்திரு என்று உதடு தானாக அசைந்தது. எதிராளி ஜெயிக்க வேண்டும் என்று இவ்வளவு மனசார வேண்டிக்கொண்டவள் அந்த அரங்கில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

மதிப்பெண் வந்தது. லோட்டே இருபத்தைந்தாவது.

ரைலி பிஹ்லாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிஹ்லாவும் அழுதாள். ரைலி அதைச் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் லோட்டே உள்ளே வந்தாள். எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஸ்கேட்டைக்கூடக் கழற்றாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு பின்னிஷ் தெரியாது என்ற தைரியத்தில் பிஹ்லா கேட்டாள்.

"ரைலி, நான் விலகிட்டா அந்தப் பொண்ணுக்கு இடம் கிடைக்குமா?"

ரைலி அவள் முகத்தையே பார்த்தாள். சற்று முன் வந்த அழுகை என்ன அழுகை என்று அப்போதுதான் புரிந்தது.

"கிடைக்காது. இருபத்து மூணு பேர் ஆடுவாங்க, உன் இடம் சும்மா கிடக்கும்." பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "உனக்கு முடியலன்னா சொல்லு. நானே போய் எழுதிக் குடுத்துட்டு வரேன். எவ என்ன சொல்றான்னு பாக்கறேன்."

நாள் முழுக்க பிஹ்லா காத்திருந்த வார்த்தை அதுதான். வாயெடுத்துச் சரி என்றால் போதும்.

எதிரே லோட்டே மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில், "சனிக்கிழமை நல்லா ஆடுங்க," என்றாள். மனசிலிருந்துதான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

பிஹ்லா காலைத் திரும்ப வாளிக்குள் விட்டாள்.

"ஐஸெல்லாம் கரைஞ்சுபோச்சு ரைலி," என்றாள். "இன்னும் கொஞ்சம் கொண்டாங்க."